அடைகாத்த வகுப்பறை

பறவையை ‘இருபிறப்பு’ என்று சொல்வது நம் நாட்டுப் பழைய வழக்கு. தாயிடமிருந்து முட்டையாக ஒரு பிறப்பு. முட்டையிலிருந்து குஞ்சாக மற்றொரு பிறப்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28 நாள். அந்நாட்களில் ஓட்டுக்குள்ளே நடப்பது யாது என அறியவும், தாய்ப்பறவையின் வேலையைத் தானே செய்து பார்க்கவும் மனிதன் ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக முயன்று வந்திருக்கிறான். அந்த நெடிய முயற்சியின் ஒரு கிளை, இன்று பல நாடுகளில் பள்ளி வகுப்பறையின் மூலையில் ஒரு சிறு பெட்டியாக அமர்ந்திருக்கிறது. பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு முட்டைகள். அதைச் சுற்றிலும் கண் இமைக்காமல் பார்த்து நிற்கும் சிறுவர் சிறுமியர். அந்தப் பெட்டி அங்கே வந்து சேர்ந்த வரலாற்றையும், அது குழந்தைகளிடம் கேட்கும் கேள்வியையும் இன்று சிந்திப்போம்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வளர்ந்தோருக்கு அடைகாத்தல் புதிதன்று. அடைக்கு வந்த கோழிக்குப் பழைய கூடையில் வைக்கோல் பரப்பி முட்டைகளை அடுக்கி வைப்பதும், வாத்து முட்டைகளையும் கோழியின் கீழேயே வைத்துப் பொரிக்கச் செய்வதும் நாம் கண்ட காட்சிகளே. வாத்துக் குஞ்சுகள் குட்டையில் இறங்கி நீந்தும்போது, வளர்த்த கோழி கரையில் நின்று பதறுவதைக் கண்டு சிரித்தவர்களும் நம்மிலே உண்டு. ஆனால் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் மாடிக் குடியிருப்புகளில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் அடைக்கோழியைக் கண்டதில்லை. ‘கூமுட்டை’ என்ற சொல் அவர்களுக்கு ஒரு வசவாக மட்டுமே தெரியும்; பொரியாமற்போன முட்டைக்கு அது பெயர் என்பது தெரியாது. இத்தகைய நகரத்துக் குழந்தைகளை எண்ணியே மேலைநாட்டு ஆசிரியர்கள் முட்டையை வகுப்பறைக்குக் கொண்டு வந்தனர். அதற்கு முன் நடந்தவை பல.

கிரேக்க மருத்துவர் ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய நூல்களுள் ஒன்றில் ஓர் எளிய சோதனை கூறப்படுகிறது. இருபது முட்டைகளைக் கோழிகளின் கீழே அடைவைத்து, இரண்டாம் நாள் முதல் நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்த்தால், உயிர் உருவாகும் முறை படிப்படியாகத் தெரியும் என்பது அதன் சாரம். அரிஸ்டாட்டில் இவ்வாறே கண்டறிந்தவற்றைத் தம் விலங்கு நூலில் எழுதி வைத்தார். மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் வெண்கருவில் இரத்தப் புள்ளி போல இதயம் தோன்றுகிறது என்றும், அது உயிருள்ளது போலத் துடிக்கிறது என்றும் அவர் குறித்தார். கி. மு. 322 இல் மறைந்த அப்பேரறிஞர் பூதக்கண்ணாடி இல்லாத காலத்திலே இதனைக் கண்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே நூலில் அவர் ஒரு வேடிக்கைச் செய்தியையும் சேர்த்திருக்கிறார். சிரக்கூஸ் நகரத்துக் குடிகாரன் ஒருவன் தன் பாய்க்குக் கீழே மண்ணில் முட்டைகளைப் புதைத்துவிட்டு, அவை பொரியும் வரை அதன்மேல் அமர்ந்து குடித்துக்கொண்டே இருப்பானாம்! உரோமாபுரியின் லிவியா அம்மையாரைப் பற்றிய செய்தியோ மென்மையானது. கி. மு. 42 இல் பிறந்த திபேரியுவைக் கருவில் சுமந்திருந்தபோது, பிறப்பது ஆணா பெண்ணா எனக் குறி பார்க்க அவர் ஒரு முட்டையைத் தம் மார்பிலே வைத்துக் காத்தார். தாம் எழ நேர்ந்தால் சூடு தணியாதிருக்கச் செவிலியிடம் கொடுத்தார் என்கிறார் பிளினி. ஒருவர் களைத்தால் மற்றொருவர் ஏற்கும் இந்த முறைக்காவலைப் பின்னர் வகுப்பறையிலும் காண்போம்.

இவை தனி மனிதரின் விளையாட்டுகள். அடைகாத்தலை ஒரு பெருந்தொழிலாக்கியவர்கள் எகிப்தியர். சாண எருவின் சூட்டால் அவர்கள் குஞ்சு பொரித்ததை அரிஸ்டாட்டிலே குறிப்பிடுகிறார். பின்னாளில் நைல் நதியின் கழிமுகத்தில் செங்கல்லாலான பெரிய சூளைகள் எழுந்தன. நடுவே ஒரு நீண்ட இடைகழி. அதன் இருமருங்கிலும் மேலும் கீழுமாகச் சிற்றறைகள். கீழறையில் ஆயிரக்கணக்கில் முட்டைகளைப் பரப்பி, மேலறையில் வைக்கோலும் உலர்ந்த சாணமும் மூட்டி மெல்லிய கனலைக் காத்தனர். காவலாளி சூளையிலேயே தங்கி, முட்டைகளைக் கையால் புரட்டி வந்தான். வெப்பமானி என்னும் கருவியே இல்லாத அக்காலத்தில், முட்டையைக் கண்ணிமையின் மேல் வைத்து அதன் சூட்டை அறிந்தான். இக்கலை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. கீழை நாடுகளிலோ நெல்லே துணை நின்றது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் வறுத்துச் சூடேற்றிய நெல்லை மூட்டைகளாகக் கட்டி, அதனிடையே வாத்து முட்டைகளை வைத்துக் காத்தனர். பெயர் அறியப்படாத இத்தொழிலாளிகளின் விரல்நுனி அறிவே இந்த விஞ்ஞானத்திற்கு அடித்தளம்.

ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டு முதல் முட்டை மீண்டும் ஆராய்ச்சிக்கூடம் புகுந்தது. இத்தாலிய அறிஞர் ஃபப்ரீசியசின் நூல் 1621 இலும், அவருடைய மாணவரும் இரத்த ஓட்டத்தை விளக்கியவருமான ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வியின் நூல் 1651 இலும் வெளிவந்தன. போலோஞா நகரத்து மால்பீகி நுண்ணோக்கியின் துணைகொண்டு, கண்ணுக்குப் புலனாகாத தொடக்க நிலைகளை ஆராய்ந்து 1673 இல் வெளியிட்டார். மனிதக் கருவின் வளர்ச்சியை அறியவும் கோழிமுட்டையே முதற் பாடநூலாயிற்று.

பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் இரண்டு மரபுகளையும் இணைத்தவர். எகிப்தியச் சூளைகளைப் பற்றிக் கேட்டறிந்த அவர், பிரமிடுகளைவிட இச்சூளைகளாலேயே எகிப்து அதிகப் பெருமை கொள்ளலாம் என்று கருதினார். கண்ணிமைக்குப் பதிலாகத் தாம் வகுத்த வெப்பமானியைப் பயன்படுத்தினார்; எருக்குவியலில் பீப்பாய்களைப் புதைத்துக் குஞ்சு பொரித்து, 1749 இல் அதனை விளக்கி நூல் எழுதினார். ஆனால் அவர் கண்ட பேருண்மை வேறொன்று. பொரிப்பதோடு வேலை முடியவில்லை. பொரிந்த குஞ்சுக்குத் தாய் வேண்டும். ஆதலின் ஆட்டுக்குட்டித் தோலை உள்ளே பதித்த ஒரு பெட்டியைச் செய்து, குஞ்சுகள் அதன் கீழே நுழைந்து கதகதப்புப் பெறச் செய்தார். அதற்குச் ‘செயற்கைத் தாய்’ என்று பெயரும் இட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறி வந்தது. கலிபோர்னியாவின் பெட்டலூமா நகரில் லைமன் பைஸ் என்பவர் 1879 இல் உருவாக்கிய குஞ்சு பொரிப்பான், அவ்வூரை முட்டை வாணிகத்தின் தலைநகராக்கியது. 1918 முதல் அமெரிக்க அஞ்சல் துறை ஒரு நாட் குஞ்சுகளைப் பார்சலாக ஏற்றுக்கொண்டது. பொரியுமுன் உள்ளிழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாட்களுக்கு உணவாக இருப்பதால் குஞ்சு அப்பயணத்தைத் தாங்கிற்று. பொறி வந்தபின் கோழியின் இயல்பும் மாறியது. அடைகாக்கும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் ஆதலால், அடைக்கு வராத கோழிகளையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினர். வெள்ளை லெகார்ன் போன்ற இனங்கள் இன்று அடையில் அமர்வது அரிது.

இதே காலத்தில் அமெரிக்காவில் சிற்றூர் இளைஞர்கள் நகரங்களை நோக்கிப் பெயரலாயினர். நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம் இயற்கைக் கல்வி இயக்கத்தைத் தொடங்கி, கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சிறு வெளியீடுகளை அனுப்பியது. அவ்வியக்கத்தின் அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக் அம்மையார் 1911 இல் வெளியிட்ட கைந்நூல் பல தலைமுறை ஆசிரியர்களுக்கு வழிகாட்டிற்று. பொருளைப் பற்றிப் படிப்பதன்று, பொருளையே பார்ப்பது கல்வி என்பது அவர்கள் கொள்கை. இந்த மரபில், ‘4-எச்’ என்னும் இளைஞர் சங்கங்கள் முட்டையையும் பொரிப்பானையும் நகரத்துப் பள்ளிகளுக்கும் கொண்டு சென்றன.

வகுப்பறையில் நடப்பது என்ன? கடை முட்டை இதற்கு உதவாது. சேவலோடு கூடிய பெட்டையின் முட்டையே வேண்டும். பெட்டியின் வெப்பம் ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் இருத்தல் வேண்டும். காற்றில் ஈரம் குன்றாதிருக்கத் தட்டில் தண்ணீர் வைக்க வேண்டும். சினைக்கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிவிடாதபடி நாளொன்றுக்கு மூன்று முறையேனும் முட்டையைப் புரட்ட வேண்டும். இதற்கு மாணவர்கள் முறை வைத்துக்கொள்கின்றனர். சனி ஞாயிறு பள்ளி இல்லையென்று முட்டை பொறுத்திராது. ஒரு வாரம் சென்றபின் இருளில் விளக்கின் முன் முட்டையைப் பிடித்தால், சிலந்திவலை போன்ற செந்நிற நரம்புகள் தெரிகின்றன. தெளிவாகவே இருப்பது கூமுட்டை. பதினெட்டாம் நாள் புரட்டுவதை நிறுத்துகின்றனர். பின்னர்க் குஞ்சு தன் அலகின் நுனியிலுள்ள ‘முட்டைப்பல்’லால் ஓட்டைக் கொத்தத் தொடங்குகிறது. ஓட்டைப் பிரித்து உதவக் குழந்தைகளின் கை துடிக்கும், ஆசிரியர் தடுப்பார். அவசரப்பட்டு உரித்தால் சவ்வின் நரம்புகளில் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கக்கூடும். காத்திருப்பதும் ஒரு பணியே என்பதைக் குழந்தைகள் அப்போது கற்கின்றனர்.

வாத்துக் குஞ்சுகள் கற்பிக்கும் பாடம் இன்னும் ஆழமானது. பொரிந்தவுடன் முதலில் காணும் அசையும் உருவைத் தாயாகக் கொண்டு அவை பின்தொடர்கின்றன. இவ்வியல்பைக் கோழிக் குஞ்சுகளிடம் ஆராய்ந்து ஸ்பால்டிங் என்னும் ஆங்கிலேயர் 1873 இல் எழுதினார். ஆஸ்திரிய அறிஞர் கொன்றாடு லாரென்ஸ் 1935 இல் இதனை விரிவாக விளக்கினார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிக்காக 1973 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். காட்டு வாத்துக் குஞ்சுகள் தம்மைத் தாயென ஏற்கும் பொருட்டு அவர் குந்தியபடியே நகர்ந்து, இடைவிடாது வாத்துப் போலக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. எழுந்து நின்றால் குஞ்சுகள் தாயைக் காணாமல் அழுதன. வகுப்பறையில் ஒரு குழந்தையின் காலடியைப் பின்பற்றி ஓடும் வாத்துக் குஞ்சும் அவ்வாறே நம்பியிருக்கிறது.

பள்ளி மாணவர் ஒருவர் எழுப்பிய கேள்வி இவ்வாராய்ச்சியை வானுக்கே கொண்டு சென்றது. இந்தியானா மாநிலத்தில் எட்டாம் வகுப்பில் படித்த ஜான் வெல்லிங்கர், விண்வெளியில் முட்டைக்குள் கரு வளருமா என்று கேட்டார். அவருடைய சோதனைப் பெட்டி 1986 ஜனவரியில் சாலஞ்சர் ஓடத்தில் ஏற்றப்பட்டு, அவ்விபத்தில் எழுவர் உயிரோடு அழிந்தது. 1989 மார்ச்சில் டிஸ்கவரி ஓடத்தில் 32 முட்டைகள் மீண்டும் சென்றன. புறப்படுமுன் ஒன்பது நாள் அடைகாக்கப்பட்ட முட்டைகள் உயிரோடு திரும்பின. சில குஞ்சுகளாகப் பொரிந்தன. இரண்டே நாள் அடைகாக்கப்பட்டவை ஒன்றும் பிழைக்கவில்லை. தாய்க்கோழியின் சூட்டைப் பொறியால் கொடுத்துவிடலாம். கோழியின் கீழே பூமியும் சேர்ந்தே தன் ஈர்ப்பால் பணி செய்கிறது என்பது அன்று தெரிந்தது.

இவ்வளவு நன்மைகளிருந்தும் இவ்வழக்கத்திற்கு எதிர்ப்பும் எழுந்துள்ளது. பிரிட்டனின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் பள்ளிகளில் குஞ்சு பொரிப்பதை ஊக்குவிப்பதில்லை. காரணம் வெளிப்படை. பிறப்பனவற்றில் ஏறக்குறையப் பாதி சேவல். முட்டைக்கென வளர்க்கப்படும் இனத்தில் சேவலை வேண்டுவார் இல்லை. வகுப்பறையில் இரண்டு வாரம் கொஞ்சப்பட்ட குஞ்சுகள் பின்னர் எங்கே செல்கின்றன என்பது குழந்தைகளுக்குப் பல வேளைகளில் சொல்லப்படுவதில்லை. பண்ணைகளில் ஆண் குஞ்சுகளைப் பிறந்தவுடன் கொல்லும் வழக்கத்தை ஜெர்மனி 2022 தொடக்கம் முதல் சட்டத்தால் தடுத்தது. அதன் பயனாக, பொரியுமுன்னரே முட்டைக்குள் ஆணா பெண்ணா என அறியும் முறைகள் அங்கே வழக்கத்திற்கு வந்தன. லிவியா அம்மையார் முட்டையைக் கொண்டு தம் மகவை அறிய விரும்பினார். நம் காலத்தார் முட்டையையே அறிந்துகொள்ள விரும்புகின்றனர்.

ஆதலின், அடைவைக்குமுன் ஆசிரியர் வகுப்பிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, ‘குஞ்சு எப்போது வரும்?’ என்பதன்று, ‘வந்தபின் யார் வளர்ப்பார்?’ என்பதே. ரியோமூர் தோற்பெட்டியால் விடை கூற முயன்ற கேள்வியும் இதுவே. விடை கிடைத்த வகுப்பில் அந்த 21 நாளும் உண்மையான கல்வி. கிடைக்காத வகுப்பில் முட்டையைத் தொடாதிருப்பதே கல்வி.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, பாட்டியின் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு கோழி அடையில் இருக்கலாம். குழந்தையை அதனருகே, கோழி வெருளாத தொலைவில், உட்கார வைப்போம். எத்தனை நாளாயிற்று, எத்தனை முட்டை, இரை தின்ன எப்போது இறங்குகிறது, முட்டைகளை எவ்வாறு அலகால் புரட்டுகிறது என்று பெரியவர்களிடம் கேட்கச் சொல்வோம். அடை, பேடு, கூமுட்டை என்னும் சொற்களும் அப்போது பொருளோடு அவர்கள் நாவில் ஏறும். எகிப்தியச் சூளைக்காரனும் கிரேக்க அறிஞனும் தொடங்கிய இடம் அந்தக் கூடைதான். நம் பிள்ளைகளும் அங்கிருந்தே தொடங்கட்டும்.