சஹன: கொழும்பு உலகுக்குக் கற்பித்த மென்பொருள் முகாமைத்துவம்

மென்பொருள் செயற்றிட்ட முகாமைத்துவம் படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்களை வத்தளையில் அடிக்கடி சந்திக்கிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். நாலைந்து வருடம் நிரல் எழுதியவருக்கு அடுத்த படி, பத்துப் பேர் எழுதும் நிரலுக்குப் பொறுப்பாக நிற்பது. அதற்கான பாடநெறிகளுக்கும் சான்றிதழ்களுக்கும் குறைவில்லை. ஆனால் அவற்றில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்தவை. நம் கொழும்பிலேயே, நம் கண்முன்னே நடந்து, பின்னர் பல நாடுகளுக்குப் பயன்பட்ட ஒரு பாடம் இருக்கிறது. அதன் பெயர் சஹன.

அதற்குப் போகுமுன் இந்தத் துறையின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது. 1968ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவுடன் ஒரு மாநாடு நடைபெற்றது. கணினிகள் வேகமாக வளர்கின்றன. அவற்றுக்கான மென்பொருளோ உரிய காலத்தில் முடிவதில்லை. முடிந்தாலும் சொன்ன செலவுக்குள் அடங்குவதில்லை. அடங்கினாலும் பிழையின்றி இயங்குவதில்லை. இந்த நிலையை 'மென்பொருள் நெருக்கடி' என்று அங்கு அழைத்தார்கள். 'மென்பொருள் பொறியியல்' என்ற தொடர் பரவலானதும் அந்த மாநாட்டின் பின்னர்தான்.

அந்த நெருக்கடியின் நடுவில் நின்று அனுபவப்பட்டவர் பிரெட்ரிக் புரூக்ஸ். ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 வரிசைக் கணினிகளுக்கான இயக்க முறைமையை உருவாக்கும் மாபெரும் பணிக்குத் தலைமை தாங்கியவர். அந்த அனுபவத்தைக் கொண்டு அவர் 1975இல் வெளியிட்ட நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. தாமதமாகிவிட்ட மென்பொருள் பணிக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட உண்மை. புதிதாக வந்தவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் பழையவர். அவர் தன் வேலையை நிறுத்திவிட்டுத்தான் விளக்கம் சொல்ல வேண்டும். பத்துப் பெண்களைச் சேர்த்தாலும் ஒரு மாதத்தில் பிள்ளை பிறக்காது என்பதை நமது பாட்டிமாருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெருநிறுவனங்கள் அதை விளங்கிக்கொள்ளப் பல கோடிகளைச் செலவிட்டன.

இலங்கை இந்தத் துறைக்குள் வந்த கதை தனியாக எழுதப்பட வேண்டியது. 1984இல் கணினி, தகவல் தொழில்நுட்ப விடயங்களுக்கான தேசியப் பேரவை அமைந்தது. அதை நீண்டகாலம் வழிநடத்தியவர் பேராசிரியர் வீ. கே. சமரநாயக்க. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியபோது, பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு, தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, ஒரு கதவு திறந்தது. 1996, 1997ஆம் ஆண்டுகளில் மிலேனியம் ஐ.ரி., வேர்ச்சுசா, சுவீடன் நாட்டின் ஐ.எப்.எஸ். போன்ற நிறுவனங்கள் இங்கு வேரூன்றத் தொடங்கியிருந்தன. ஆக, 2004ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பில் திறமையான நிரலாளர்கள் இருந்தார்கள். அவர்களுடைய உழைப்பில் பெரும்பகுதி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கே போய்க்கொண்டிருந்தது.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை இலங்கையில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தனர். உயிரிழப்பு மிக அதிகமாக இருந்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, மருதமுனை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு எனத் தமிழ் பேசும் கரையோரம் முழுவதும் சிதைந்தது. அந்த நாட்களில் ஆசிரியபீடத்தில் எங்கள் மேசைகளில் தொலைநகல் தாள்கள் குவிந்தன. எல்லாம் பெயர்ப் பட்டியல்கள். ஒரே பெயர் ஒரு பட்டியலில் இறந்தவராகவும் இன்னொன்றில் முகாமில் இருப்பவராகவும் வந்தது. சிவஞானம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். கிராம அலுவலர் ஒருவிதம், வைத்தியசாலை இன்னொருவிதம், தொண்டு நிறுவனம் மற்றொருவிதம். பட்டியல்கள் ஒன்றோடொன்று பேசாதபோது தேடும் தாய் ஒவ்வொரு முகாமாக நடக்க வேண்டியிருந்தது.

இந்தச் சூழலில்தான் கொழும்பின் மென்பொருள் நிறுவனங்களைச் சேர்ந்த தொண்டர்கள் ஒன்றுகூடினார்கள். இலங்கை மென்பொருள் மன்றம் அவர்களை ஒருங்கிணைத்தது. கலாநிதி சஞ்சீவ வீரவரண, சமிந்த்ர டி சில்வா ஆகியோர் இதில் முன்னின்றவர்கள். அனர்த்தத்தைக் கையாள அரசு அமைத்திருந்த தேசிய செயற்பாட்டு நிலையத்துக்காக, ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஒரு மென்பொருளின் அடிப்படையை எழுப்பிவிட்டார்கள். அதற்குச் சஹன என்று பெயர் வைத்தார்கள். நம் காதுக்கு அது சஹானா இராகத்தை நினைவூட்டும். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். காணாமற்போனோர் பதிவேடு ஒன்று. எந்த நிறுவனம் எந்த இடத்தில் என்ன உதவி செய்கிறது என்ற பதிவேடு ஒன்று. முகாம்களின் பதிவேடு ஒன்று. எங்கே எது தேவை, யாரிடம் அது இருக்கிறது என்று பொருத்தும் பகுதி ஒன்று. அடிப்படையில் இவ்வளவுதான். கட்டற்ற மென்பொருட்களான பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் ஆகியவற்றின் மேல் கட்டியதால் உரிமக் கட்டணமும் இல்லை. எவர் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

அவசரத்தில், திடீரென்று சேர்ந்த பலர் செய்த வேலை இது. புரூக்ஸ் சொன்னபடி பார்த்தால் குழப்பத்தில் முடிந்திருக்க வேண்டும். அப்படி முடியாததற்குக் காரணம் பகுதிகளைப் பிரித்த முறை என்பது என் எண்ணம். முகாம் பதிவேட்டை எழுதுபவர் காணாமற்போனோர் பதிவேட்டை எழுதுபவரிடம் மணிக்கொரு தடவை விளக்கம் கேட்க வேண்டியதில்லை. அடுத்த காரணம், அந்த வேளையில் தேவைப்படாதவற்றை விட்டுவிட்டது. பத்திரிகைக்காரனுக்கு இது நன்றாக விளங்கும். இரவு அச்சுக்குப் போகும் நேரத்தில் பக்கத்தில் இடம் இருப்பது நான்கு செய்திகளுக்கு. மேசையில் இருப்பது பதினான்கு. எல்லாவற்றையும் போட விரும்பும் ஆசிரியரின் பத்திரிகை விடியும்போது கடைக்குப் போயிருக்காது. எதைப் போடுவது என்பதை எவரும் சொல்வார்கள். எதை விடுவது என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதற்குப் பதில் சொல்பவரே பொறுப்பாளர்.

சஹனவின் இரண்டாவது பாடம் இதைவிடக் கசப்பானது. அது யாருக்காக எழுப்பப்பட்டதோ, அந்தத் தேசிய செயற்பாட்டு நிலையம் 2005இன் தொடக்க மாதங்களிலேயே கலைக்கப்பட்டது. பயன்படுத்த வேண்டிய நிறுவனம் போய்விட்டால் மென்பொருள் என்ன செய்யும்? அனர்த்த முகாமைத்துவத்துக்கான சட்டம் 2005ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் நிறைவேறியது. நிரல் எழுதி முடிப்பதற்கு மூன்று வாரம் போதும். அதைத் தாங்கும் நிறுவனத்தை உருவாக்க மூன்று வாரம் போதாது. பயனர் யார், அவர் நாளையும் இருப்பாரா என்ற கேள்வியைக் கேட்காத திட்ட அட்டவணை எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் வெறும் தாள்தான்.

ஆயினும் அவர்கள் கைவிடவில்லை. அவசரத்தில் எழுதிய நிரலை வைத்துக்கொண்டு ஒட்டுப்போடாமல், சுவீடனின் சர்வதேச அபிவிருத்தி முகவரகமான சீடாவின் நிதியுதவியுடன், எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி எழுதினார்கள். எந்த நாட்டிலும் எந்த அனர்த்தத்திலும் பயன்படும் பொதுவான கருவியாக அது மாறியது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம், 2010இல் ஹெயிட்டி என்று அது பயணித்தது. அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான தன் 2006ஆம் ஆண்டு விருதைச் சஹனவுக்கே வழங்கியது. 2005இல் அமெரிக்காவை கத்ரினா சூறாவளி தாக்கியபோது, காணாமற்போனோர் பட்டியல்கள் ஆளுக்கொன்றாக இணையத்தில் பெருகியதும், அவற்றை ஒன்றிணைக்கத் தொண்டர்கள் பொதுவான பதிவு வடிவம் ஒன்றை உருவாக்க வேண்டியிருந்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது. செல்வந்த நாட்டுக்கும் அதே தலைவலிதான்.

கொழும்பிலிருந்து இன்னொரு உதாரணமும் உண்டு. மாலபேயில் இயங்கிய மிலேனியம் ஐ.ரி. நிறுவனத்தை இலண்டன் பங்குச் சந்தை 2009இல் 30 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதன் மென்பொருளை இலண்டனின் துணைச் சந்தையான டர்க்கோய்ஸ் முதலில் ஏற்றுக்கொண்டது. 2010 நவம்பரில் அங்கு சுமார் இரண்டு மணிநேரம் வர்த்தகம் தடைப்பட்டதும், முதன்மைச் சந்தையின் மாற்றத்தை மறு ஆண்டுக்குப் பிற்போட்டார்கள். 2011 பெப்ரவரி 14ஆம் திகதிதான் அது நிகழ்ந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது 'இன்னும் தயாரில்லை' என்று சொல்வது எளிதன்று. திகதியைக் காப்பாற்றுவதற்காகச் சந்தையைப் பணயம் வைக்காததும் முகாமைத்துவமே.

ஒரு இடத்தில் எதை விடுவது என்று தீர்மானித்தார்கள். இன்னொரு இடத்தில் எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் முடிவுக்குத் தம் பெயரைக் கொடுத்தார்கள். சான்றிதழ் படிப்பவர்கள் அட்டவணை வரையவும் செலவைக் கணக்கிடவும் தாராளமாகக் கற்கட்டும், அவை வேண்டியவையே. கூடவே தங்கள் திட்டத்தின் முதல் தாளில் ஒரு பெயரையும் எழுதி வைக்கட்டும்: அந்த மென்பொருளுக்காகக் காத்திருக்கும் மனிதரின் பெயரை. 2005 ஜனவரியில் அவர் கல்முனையில் ஒரு முகாம் வாசலில் நின்ற தாய். அவருக்கு நம் அட்டவணை தெரியாது. பட்டியலில் தன் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்பது மட்டுமே தெரிய வேண்டியிருந்தது.