இறக்கிவிட்ட சுமை: பயிர்மருந்து விமானமும் கோலார் சுரங்கமும்

விபத்துகளின் வரலாற்றை எழுதும்போது ‘ஏன் நேர்ந்தது?’ என்ற வினாவோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். நேர்ந்தபின் யார் பிழைத்தார், எதனால் பிழைத்தார் என்பது தனி வரலாறு. கோலார் தங்கவயலைப் பயில்வோருக்கு இது புதிதன்று. 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறைவெடிப்பை முற்றாகத் தடுக்க இயலவில்லை. ஆகவே கருங்கல் தாங்குசுவர்களை எழுப்பிச் சேதத்தைக் குறைக்க முயன்றனர். விபத்து வரும் என ஏற்றுக்கொண்டு கட்டிய பொறியியல் அது.

அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘பசந்த்’ விமானத்திலும் இதே சிந்தனையைக் காணலாம். பயிர்களுக்கு மருந்து தெளிப்பதற்கென்றே வடிவமைத்த அவ்விமானம் 1972 மார்ச் 30 அன்று முதன்முதலாகப் பறந்தது. 400 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை எஞ்சின்; மருந்துத் தொட்டிக்குப் பின்னால், உயரத்தில் விமானியின் இருக்கை.

இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. மருந்து தெளிக்கும் விமானம் பயிருக்குச் சில மீட்டர் மேலே பறக்கிறது. எஞ்சின் வலுவிழந்தால், இறங்குமிடத்தைத் தேடித் திரும்ப உயரமும் இல்லை, நேரமும் இல்லை. அவசரக் கதவைத் திறந்து மருந்துச் சுமையைச் சில நொடிகளில் கொட்டிவிட வேண்டும். எஞ்சிய வேகம் குன்றுமுன் எதிரே தெரியும் நிலத்தில் இறங்க வேண்டும். மோதினாலும் எஞ்சினும் தொட்டியும் முதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

இந்த வடிவத்தின் வேர் அமெரிக்காவில் உள்ளது. 1917இல் பயிற்சி விமான விபத்தில் படுகாயமுற்றுப் பிழைத்த ஹியூ டெஹேவன், மனித உடல் மோதலை எவ்வாறு தாங்குகிறது என்பதைப் பின்னாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். அவ்வழிப் பிறந்த பாதுகாப்புச் சிந்தனையோடு ஃபிரெட் வீக் டெக்சாஸில் வடிவமைத்த ‘ஏஜி-1’ விமானம் 1950இல் பறந்தது. பின்வந்த பயிர்மருந்து விமானங்கள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரி.

இது பாராட்டத்தக்க சாதனையே. ஆயினும் அதன் கணக்கில் விமானி மட்டுமே இருக்கிறார். அவர் பிழைக்கக் கொட்டிய மருந்து எவரது வயலில், எவரது கிணற்றில் விழுந்தது என்பது கணக்கில் வரவில்லை.

கோலாரும் இவ்வினாவையே எழுப்புகிறது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய ஆலைக்கழிவு ‘சயனைடு மேடு’களாக இன்றும் நிற்கிறது. காற்று வீசும் காலத்தில் அதன் தூசு, வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் வரிசை வீடுகளில் படிகிறது.

விமானமோ சுரங்கமோ, பாதுகாப்பின் வரலாற்றை எழுதும் மாணவர்கள் இரண்டு பட்டியல்களைத் தொகுக்க வேண்டும்: காப்பாற்றப்பட்டவர்கள் யார், இறக்கிவிட்ட சுமையை ஏற்றவர்கள் யார். நம் ஆய்வேடுகளில் இரண்டாம் பட்டியல் இன்னும் தொடங்கப்படவே இல்லை எனலாம்.