சைக்கிள் இழுத்த வீடு



1947இல் அமெரிக்காவில் எடுத்த விளம்பரப் படம் ஒன்று உண்டு. ஒருவர் சைக்கிள் மிதிக்கிறார். பின்னால் கட்டியிருப்பது ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் அலுமினிய டிராவல் டிரெய்லர், அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள சக்கர வீடு. மிதிப்பவர் ஆல்ஃபிரட் லெதூர்னேர் என்ற பிரெஞ்சுப் பந்தய வீரர். 1941இல் காரின் பின்னால் காற்றுத் தடுப்பில் ஓட்டி மணிக்கு 108 மைலைத் தாண்டியவர். நம் கால்களை வைத்து யாரும் முயல வேண்டாம்!

இந்த இலேசான வீடு வந்தது விமானத்திலிருந்து. லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டிய பட்டறையில் மேற்பார்வை பார்த்தவர் ஹாலி போலஸ். அவர் 1934இல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து ஒரு டிரெய்லர் செய்தார். எடை 500 கிலோ அளவுதான். வாசல் மட்டும் முன்பக்கம், வண்டியோடு இணைக்கும் கம்பிக்கு மேலே! தாண்டிக் குதித்துத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். ஏர்ஸ்ட்ரீம் நிறுவனர் வாலி பையம் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு, வாசலைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936இல் 'கிளிப்பர்' என்று விற்றார். விலை 1,200 டாலர். பொருளாதார மந்தத்தில் அது பெரும் பணம். யுத்தத்தில் அலுமினியம் விமானத்துக்கே போனதால் தொழில் நின்றது. பிறகு வந்ததுதான் அந்த சைக்கிள் படம்.

நம் மாணவர் ஒருவர் அங்கிருந்து எழுதியிருக்கிறார். பழைய பிக்கப் டிரக்கில் டிரெய்லரைக் கட்டி, பிள்ளைகளோடு ராக்கி மலையைத் தாண்டப் போகிறாராம். "எஞ்சின் இழுக்குமா சார்?" என்கிறார். சமதரையில் சைக்கிளே இழுத்துவிட்டதே அப்பா! ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும், ஓரமாக நிறுத்தி ஆறவிடலாம். இறக்கம்தான் ஆபத்து. அங்கே டிரெய்லர் வண்டியைத் தள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில் இறங்க வேண்டும், டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். அடுத்தது பாரம். மாட்டுவண்டி ஓட்டிய நம் தாத்தாக்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரோ வேகத்தில் வாலாட்டி டிரக்கையே கவிழ்த்துவிடும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்பின் மேல் அமர வேண்டும். கிளம்புமுன் எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிடு தம்பி.

பையம் சும்மா விற்றுவிட்டு உட்காரவில்லை. 1959இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து 41 டிரெய்லர்களோடு வடக்கே கிளம்பினார். கூட வந்தவர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் நிறைய. எனக்கு அதில் தனிச் சந்தோஷம். கென்யாவின் வடக்கில், எத்தியோப்பியாவில் எல்லாம் சாலை என்று சொல்லவே முடியாத தடங்கள். சேற்றில் சிக்கியவற்றை ஒன்றை ஒன்று இழுத்துத்தான் நகர்ந்தார்கள். அடிஸ் அபாபாவில் பேரரசர் ஹைலி செலாசி வரவேற்றார். கடைசியில் கெய்ரோவை அடைந்து, கீசா பிரமிடுகளுக்கு அருகே டிரெய்லர்களை வட்டமாக நிறுத்திக் குடியிருந்தார்கள்.