செய்ன் நதியும் டெர் ஏரியின் மண்கரையும்

லா சப்பலிலிருந்து வடக்கே பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது பியர்ஃபித்-சூர்-செய்ன். கணிசமான தமிழ்க் குடும்பங்கள் வாழும் பாரிசுப் புறநகர்களில் ஒன்று. 2025 சனவரி 1 முதல் அது தனி நகராட்சி அல்ல, சான்-தெனியுடன் இணைந்துவிட்டது. பெயரில் செய்ன் இருந்தாலும் ஊர் எல்லை அந்த நதியைத் தொடுவதில்லை. சுற்றுப்புறத்தில் ஓடிய க்ரூ, வியேய் மேர் ஆகிய சிற்றாறுகளும் பெரும்பாலும் தெருக்களுக்கடியில் மூடப்பட்டுவிட்டன. எனவே வெள்ளம் என்றால் அது ஆற்றங்கரைக்காரர்களின் கவலை என்று நினைப்பது எளிது. ஆனால் வேலைக்குப் போகும் ரயிலும் வீட்டுக்கு வரும் மின்சாரமும் குடிநீரும் அந்த நதிப் படுகையை நம்பியே இருக்கின்றன. அந்தப் படுகையைக் காக்கும் அரண்களில் பெரியது சுமார் 200 கி.மீ. கிழக்கே இருக்கிறது: மார்ன் நதிக்கென்று கட்டப்பட்ட டெர்-ஷான்ட்கோக் ஏரி. அதன் கரை கான்கிரீட் அல்ல, வெறும் மண்.

1910 என்ற அளவுகோல்

1910 சனவரி 28 அன்று பாரிசின் ஓஸ்டர்லிட்ஸ் பாலத்தில் செய்ன் 8.62 மீட்டருக்கு உயர்ந்தது. சுரங்க ரயில் பாதைகளில் நீர் புகுந்தது. தெருக்களில் படகு ஓடியது. அன்றைய உச்சத்தில் விநாடிக்குச் சுமார் 2,400 கன மீட்டர் நீர் நகரைக் கடந்தது என்பது கணக்கு. வெள்ளம் வடிந்ததும் அல்ஃபிரேத் பிக்கார் தலைமையில் ஒரு குழு அமைத்துக் காரணங்களை ஆராய்ந்தார்கள். 1924-இல் 7.32 மீட்டரும் 1955-இல் 7.12 மீட்டரும் வந்தன. நகருக்குள் சுவரை உயர்த்தினால் மட்டும் போதாது, வரும் நீரை மேற்பகுதியிலேயே தேக்க வேண்டும் என்ற முடிவு மெல்ல மெல்ல உறுதிப்பட்டது.

அதன் விளைவு நான்கு பெரிய நீர்த்தேக்கங்கள். யோன் நதியில் பன்சியேர் (1949), செய்னுக்காக ஓரியான் (1966), மார்னுக்காக டெர் (1974), ஓப் நதிக்காகத் தாம்ப்ல்-அமான்ஸ் (1990). நான்கும் சேர்ந்து சுமார் 80 கோடி கன மீட்டர் கொள்ளும். இவற்றில் பன்சியேர் மட்டும் மலையிடுக்கில் எழுப்பிய கான்கிரீட் அணை. மற்ற மூன்றும் நம் ஊர்க் குளங்களைப் போல மண்ணால் கரை கட்டியவை.

ஆற்றுக்கு வெளியே ஓர் ஏரி

டெர் ஏரியின் கொள்ளளவு 35 கோடி கன மீட்டர். நமக்குப் பழக்கமான கணக்கில் 12.4 டி.எம்.சி. செம்பரம்பாக்கத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல், மேட்டூரில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பரப்பு சுமார் 48 சதுர கி.மீ. ஆழம் சராசரியாக ஏழு மீட்டர்தான். ஆழமான பள்ளத்தாக்கு இல்லாத சமவெளி என்பதால் நீளமான கரை போட்டுத்தான் நீரை நிறுத்த முடிந்தது. அந்தப் பகுதியின் மண் களிப்பு மிக்கது. நீரைக் கசியவிடாத களிமண் காலடியிலேயே கிடைக்கும்போது கான்கிரீட் எதற்கு?

இன்னொரு சிறப்பும் உண்டு. இந்த அணை மார்ன் நதியை மறித்து நிற்கவில்லை. சான்-திசியே நகருக்கு அருகில் ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் பிரிகிறது. சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அது விநாடிக்கு 375 கன மீட்டர் வரை ஏரிக்குக் கொண்டுவரும். தேவைப்படும்போது மதகைத் திறந்து வேறொரு கால்வாய் வழியே நீரை ஆற்றுக்கே திருப்பி அனுப்புவார்கள். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் குளத்தை நிரப்பும் நம் முறைதான் இது, அளவுதான் பெரிது.

மண் எப்படி நீரைத் தாங்குகிறது?

மண்ணணை நிற்பது தன் எடையால். அடி அகன்று, இருபுறமும் சரிந்து, மேலே ஒடுங்கியிருக்கும் அதன் குறுக்குவெட்டே அதன் பலம். கட்டும்போது மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, உருளையால் இறுக்குவார்கள். அலை அடிக்கும் பக்கம் கல் பாவுவார்கள்.

எந்த மண்கரையிலும் சிறிது கசிவு இருக்கும். கசிவைவிட, அது மண்துகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வருவதுதான் ஆபத்து. துகள் போன இடத்தில் சிறு துளை, துளையில் வேகமான நீர், வேகத்தால் பெரிய துளை என்று சில மணி நேரத்தில் கரையே போய்விடலாம். வெளிப்பக்கம் மணலும் சரளையும் கொண்டு வடிகட்டி அமைப்பது இதற்காகத்தான். நீர் வெளியேறும், மண் தங்கிவிடும். கசிவு தெளிவாக வந்தால் கவனித்தால் போதும், கலங்கலாக வந்தால் ஓட வேண்டும் என்பது இத்துறையின் பால பாடம்.

இரண்டாவது எதிரி, கரைமேல் நீர் வழிவது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு-2 அணையில் நீர் மேலே வழிந்து மண்கரைகளை அரித்தது. மோர்பி நகரம் அழிந்தது, பெருமளவில் உயிர்ப்பலி. இதைத் தடுப்பதற்குத்தான் தமிழகத்தில் கலிங்கும் ஈழத்தில் வானும் வைக்கிறோம். டெர் ஏரி ஆற்றுக்கு வெளியே இருப்பதால் இந்த அபாயம் குறைவு. ஏரி நிறைந்தால் கால்வாயின் வாயை மூடிவிடலாம்.

மூன்றாவது எதிரி கவனக்குறைவு. எலி வளையும் மரவேரும் கரையைத் துளைக்கும், கனரக வண்டிகள் அதிர்வைக் கொடுக்கும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பல நூற்றாண்டுகள் பழமையான குளம் அது. பழமை பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல, அன்றாடப் பராமரிப்புதான் உத்தரவாதம்.

நிரப்புவதா, காலியாக வைப்பதா?

வெள்ளத்தைத் தேக்க ஏரி காலியாக இருக்க வேண்டும். கோடையில் ஆற்றுக்கு நீர் கொடுக்க நிறைந்திருக்க வேண்டும். ஒரே ஏரியிடம் இரண்டையும் கேட்கிறோம். இந்த ஏரிகளின் ஏற்பாடு இப்படி: நவம்பரில் தொடங்கி சூன் இறுதிவரை படிப்படியாக நிரப்புவது, சூலை முதல் அக்டோபர் வரை திறந்துவிடுவது. வறண்ட கோடைகளில் பாரிசைக் கடக்கும் செய்ன் நீரில் பாதிக்கும் மேல் இந்த ஏரிகளிலிருந்து வந்ததுண்டு.

குளிர்கால வெள்ளத்துக்கு இந்த நாட்காட்டி பொருந்தும். 2018 சனவரியில் செய்ன் 5.88 மீட்டரில் நின்றது. ஏரிகள் இல்லாதிருந்தால் இன்னும் அரை மீட்டருக்கு மேல் ஏறியிருக்கும் என்பது நிர்வாகத்தின் மதிப்பீடு. ஆனால் 2016-இல் வெள்ளம் சூன் தொடக்கத்தில் வந்தது. ஏரிகள் ஏறத்தாழ நிறைந்திருந்தன. அதைவிட முக்கியமாக, பெருமழை பெய்தது லுவாங் துணையாற்றுப் பகுதியில். அங்கே நீர்த்தேக்கமே இல்லை. பாரிசில் 6.10 மீட்டர் உயர்ந்தது. லூவ்ர் அருங்காட்சியகத்தை மூடிக் கீழ்த்தளக் கலைப்பொருட்களை மேலே ஏற்றினார்கள்.

2015 டிசம்பரில் சென்னை கண்டதும் இந்தச் சிக்கலின் இன்னொரு முகம்தான். குடிநீருக்காக நிறைத்து வைத்த செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறக்க நேர்ந்தது. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்ற முடிவு கரையின் உறுதியைப் போலவே உயிர்களைத் தீர்மானிக்கிறது.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 375 கன மீட்டர் வேகத்தில் ஒரு நாளில் டெர் ஏரிக்குள் 3.24 கோடி கன மீட்டர் போகும். முற்றிலும் காலியாக இருந்தாலும் பதினொரு நாளில் ஏரி நிறைந்துவிடும். நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவோ 1910 உச்ச ஓட்டத்தின் நான்கு நாள் நீருக்கும் குறைவு. பாரிசுக்கு மேலுள்ள படுகையில் சுமார் 17 சதவீதமே இவற்றின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆகவே இவை வெள்ளத்தைக் குறைக்கும், நிறுத்தாது. யோனின் உச்சமும் செய்னின் உச்சமும் ஒன்றுசேராதபடி செய்ன் நீரை இறைத்துச் சில நாள் நிறுத்திவைக்க, 2020-களில் மாண்ட்ரோவுக்கு மேலே லா பாசேயில் கரை சூழ்ந்த தேக்கம் ஒன்றைக் கட்டினார்கள். அதன் அளவு 1 கோடி கன மீட்டர். அதுவும் கூடுதல் உதவிதான், முழுத் தீர்வு அல்ல.

மூழ்கிய மூன்று ஊர்கள்

டெர் ஏரிக்காக ஷான்ட்கோக், ஷாம்போபேர்-ஓ-புவா, நுயிஸ்மான்-ஓ-புவா ஆகிய மூன்று கிராமங்கள் மறைந்தன. ஷாம்போபேரின் தேவாலயம் மட்டும் நீர் விளிம்பில் இன்றும் நிற்கிறது. நுயிஸ்மானின் மரச்சட்டத் தேவாலயத்தைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் மறுபடி கட்டினார்கள். ஏரியின் பெயரிலும் அண்டை ஊர்களின் பெயரிலும் இறந்த ஊர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இலையுதிர் காலத்தில் பல்லாயிரம் கொக்குகள் வந்திறங்கும் அழகிய நீர்ப்பரப்பு இன்று அது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் மேலே இருந்த உழவர்கள், பலன் பெறுபவர்கள் கீழே இருக்கும் நகரத்தார்.

பிரான்சின் பல பகுதிகளில் சொத்துவரிச் சீட்டில் ‘ஜெமாபி’ என்ற சிறிய வரி காணப்படும். நீர்நிலைப் பராமரிப்புக்கும் வெள்ளத் தடுப்புக்குமான வரி அது. ஆளுக்கு ஆண்டுக்கு 40 யூரோ அதன் உச்சவரம்பு. குளத்தில் பங்குள்ள குடிகள் ஒன்றுகூடிக் கரையைச் செப்பனிட்ட குடிமராமத்தை அறிந்த நமக்கு இதன் பொருள் விளங்கும். குடிமராமத்தில் உழைப்பாகக் கொடுத்ததை இங்கே காசாகக் கேட்கிறார்கள். இருநூறு கி.மீ. தொலைவில் யாரோ ஒருவர் கரைமேல் நடந்து கசிவு தெளிவா கலங்கலா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கான கூலியும் அந்த வகைச் செலவில்தான் அடங்கும்.