மூடிய துறைமுகமும் செம்மண் தறையும்

யாழ்ப்பாணத்து உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய தோட்டக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் "சிறிமா காலம்" என்ற சொல் தானாக வந்து விழும். விடியப்புறம் பாணுக்கு வரிசையில் நின்ற கதையும் வெங்காயம் விற்றுக் கல்வீடு கட்டிய கதையும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கின்றன.

1970 மே மாதத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் வென்ற ஐக்கிய முன்னணியில் சுதந்திரக் கட்சியோடு சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். நிதி அமைச்சர் என். எம். பெரேரா. அந்நியச் செலாவணி வற்றியிருந்தது. 1973இல் எண்ணெய் விலையும் ஏறியது. இறக்குமதியை அரசு இறுக்கிப் பிடித்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெல்வயலுக்கு 25 ஏக்கர், ஏனைய காணிக்கு 50 ஏக்கர் என்று வரம்பு கட்டியது. ஏக்கரைவிடச் சிறிய பரப்புக் கணக்கில் காணி வைத்திருந்த யாழ்ப்பாணத்தாரை அது பெரிதாகத் தொடவில்லை. அவர்கள் வாழ்வை மாற்றியது இறக்குமதித் தடை.

இந்திய வெங்காயமும் செத்தல் மிளகாயும் வராமல் நிற்கவே, கொழும்புப் புறக்கோட்டைச் சந்தை வடக்கைப் பார்த்தது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் கிணறுதான் எல்லாம். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த தோட்டங்களில் மண்ணெண்ணெய் இயந்திரம் இரைந்தது. ஒருவர் மண்வெட்டியோடு நின்று வாய்க்காலில் தண்ணீர் மாற, பாத்தி பாத்தியாகச் செம்மண் நனையும். மூன்று மாதத்துக்குள் வெங்காயம் கிண்டி, காயவைத்து, பிடி பிடியாகக் கட்டுவார்கள். விதைக்கென்று கொஞ்சம் கூரைக்கடியில் தொங்கும். மிச்சம் லொறி ஏறும். படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்கள் விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றங்களில் மிளகாய் செய்தார்கள்.

காணி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இந்த வரவு ஒரே அளவாகக் கிடைக்கவில்லை. தோட்டக்காரரின் பிள்ளை பல்கலைக்கழக வாசலில், அனுமதிப் புள்ளிகளை மாற்றியமைத்த தரப்படுத்தலால் மறிக்கப்பட்டதும் இதே ஆட்சியில்தான்.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் புதிய நிதி அமைச்சர் ரொனி டி மெல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். பாண் வரிசை ஒழிந்தது, அது நல்லதே. ஆனால் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து இறங்க, தோட்டத்து விலை விழுந்தது. தாங்கிக்கொள்ள அவகாசமோ, சேமிப்புக் களஞ்சியமோ, படிப்படியான தீர்வையோ இருக்கவில்லை. சீனாவும் 1978இன் பின் கதவைத் திறந்ததுதான். ஆனால் முதலில் 1979இல் தானியக் கொள்முதல் விலையை உயர்த்தி, வயலைப் படிப்படியாகக் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. அங்கே சீர்திருத்தம் கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போனது. இங்கே துறைமுகத்தில் தொடங்கி, கிராமத்தை எண்ணிப் பார்க்காமலே நடந்தது. குறை திறந்ததில் இல்லை; திறந்த ஒழுங்கில்தான்.

அந்த ஏழு ஆண்டுகளின் அரிசிக் கணக்கும் மாக் கணக்கும் அரசாங்க அறிக்கைகளில் உள்ளன. எண்ணெய்ச் செலவு, கூலி, லொறிக் காசு, கைக்கு வந்த விலை எல்லாம் தோட்டக்காரரின் கொப்பிகளில்தான் கிடந்தன. இடம்பெயர்வுகளில் தப்பிய ஒரு கொப்பி உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துதவுங்கள்.