கூரையில்லாத காரும், காதைத் தின்னும் காற்றும்: ஒரு சின்ன வரலாறு

கூரையைத் திறந்து விட்டுட்டு ஸ்போர்ட்ஸ் காரில் பறக்கிற காட்சியை சினிமாவில் நிறைய பார்த்திருப்போம். தலைமுடி பறக்கும், துப்பட்டா பறக்கும், பாட்டு ஓடும்.
அந்த நேரத்தில் காதுக்குள்ள என்ன நடக்குதுன்னு எந்த இயக்குநரும் காட்டுறதில்லை. இன்றைய இழை அதைப் பற்றித்தான்.
கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

1886-ல் இருந்து ஆரம்பிப்போம்.

அந்த வருடம் ஜனவரி 29-ஆம் தேதி ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன்னுடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கூரை கிடையாது, முன்கண்ணாடி கிடையாது. வேகம் மணிக்கு 16 கி.மீ. அளவுதான். நம்ம ஊர் சைக்கிள் வேகம். காற்றால் காதுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

அதே 1886-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்.
கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரின் காதுகளைப் பரிசோதித்தார். இரும்புத் தகட்டில் நாள் முழுக்க ரிவெட் அடிக்கிற வேலை. தபால்காரர்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்.
அந்த 100 பேரில் ஒருத்தருக்குக்கூட காது இயல்பாகக் கேட்கவில்லை.

சத்தம் காதைக் கெடுக்கும்ங்கிறதுக்கு அழுத்தமான மருத்துவ ஆதாரமும் காரும் ஒரே வருடத்தில் வந்தவை. ஆனால் இரண்டும் சந்திக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. ஏன்னு பார்ப்போம்.

1899 ஏப்ரலில் கமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் பாரிஸ் அருகே மணிக்கு 105.88 கி.மீ. வேகத்தில் கார் ஓட்டினார். 100-ஐத் தாண்டிய முதல் கார் அதுதான்.
அது மின்சாரக் கார்! எஞ்சின் உறுமலே இல்லை. டார்பிடோ மாதிரி உடம்பு, அதற்கு மேல் பாதி உடல் வெளியே தெரிய அவர் உட்கார்ந்திருந்தார்.
அவர் காதில் விழுந்த இரைச்சலில் பெரும்பகுதி காற்றோடதுதான் இருந்திருக்கும்.

அந்தக் கால ஓட்டுநர்கள் காதை மூடினார்களா? மூடினார்கள். காதை மறைக்கும் மடிப்பு வைத்த தோல் தொப்பி, கண்ணுக்கு காகிள்ஸ், உடம்புக்கு நீள அங்கி. பெண்கள் தொப்பிக்கு மேல் துணியைச் சுற்றி தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார்கள்.
ஆனால் அவர்கள் பயந்தது குளிருக்கும் தூசிக்கும். தோல் தொப்பி குளிரைத் தடுக்கும். காற்றின் "ஹோ"ங்கிற கனத்த இரைச்சல் மெல்லிய தோலைத் தாண்டி உள்ளே போயிடும்.

அடுத்து 1907.

இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் என்ற கார் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. செல்வின் எட்ஜ் என்பவர் அதில் 24 மணி நேரம் நேப்பியர் காரை ஓட்டி 2,500 கி.மீ.க்கு மேல் கடந்தார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 106 கி.மீ.
ராத்திரி முழுக்க தூக்கம் கெட்ட அக்கம்பக்கத்துக்காரர்கள் புகார் செய்ய, அங்கே இரவு ஓட்டத்துக்குத் தடை வந்தது.
பக்கத்து வீட்டுக்காரர் காதுக்கு நியாயம் கிடைத்தது. காருக்குள் இருந்தவர் காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதே 1907-ல் பெர்லினில் மாக்ஸ் நெக்வெர் என்ற மருந்தாளுநர் மெழுகும் பஞ்சும் கலந்து ஒரு காதடைப்பான் செய்தார். பெயர் ஓரோபாக்ஸ். ஜெர்மன் மொழியில் காது, லத்தீனில் அமைதி, இரண்டையும் சேர்த்த பெயர்.
கிரேக்கக் காவியமான ஒடிஸியில், மயக்கிக் கொல்லும் பாட்டு கேட்காமலிருக்க மாலுமிகளின் காதில் மெழுகு அடைப்பார்கள் இல்லையா? யோசனை அங்கிருந்து வந்தது.
ஆக, தீர்வு அன்றைக்கே கடையில் கிடைத்தது. தூக்கத்துக்கு வாங்கினார்கள். முதல் உலகப்போரில் பீரங்கிச் சத்தத்துக்கு வாங்கினார்கள்.

மருத்துவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?
எங்கள் ஆட்களின் கவனம் வேறு பக்கம் இருந்தது. முகவாதம்!
1821-ல் சார்லஸ் பெல் முக நரம்பைப் பற்றி விளக்கி எழுதினார். ஒரு பக்க முகம் திடீரென்று கோணிக்கொள்ளும் வாதத்துக்கு அவர் பெயரே வந்தது. குளிர்காற்று காதோரம் அடிப்பதால் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிரெஞ்சு மருத்துவத்தில் அதற்குப் பெயரே "குளிரால் வரும் முகவாதம்" என்றுதான்.
நம்ம பாட்டிமார்கள் "ஜன்னலோரம் உக்காராதே, காதுல பஞ்சு வை"ன்னு சொன்னதும் இதே பயம்தான்.
1996-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்த நோயாளிகள் பலரின் முக நரம்பைச் சுற்றிய திரவத்தில் ஹெர்பீஸ் வைரஸின் மரபணுப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். இன்று முதல் சந்தேகம் வைரஸ் மேல்தான்.

குளிரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, சத்தத்தைத் தப்பவிட்டோம்.

இதற்கிடையில் பிரச்சினை தானாகவே மறைந்தது. 1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் சுமார் 10 சதவீதம்தான் மூடிய கார்கள். 1927-ல் 85 சதவீதம். திறந்த கார் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகச் சுருங்கியது.

1989-ல் மெர்சிடிஸ் எஸ்எல் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வலைத்தடுப்பு வந்தது. காற்று முன்கண்ணாடியைத் தாண்டி மேலே போய், சுழன்று, பின்பக்கமிருந்து கழுத்திலும் காதிலும் அடிக்கும். அதைத் தடுக்கத்தான் இது. 2004-ல் கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்று ஊதுகிற இருக்கையும் வந்தது. எல்லாம் சொகுசுக்காக.

கடைசியில் 2009 முதல் 2011-க்குள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் காது மருத்துவர்கள் இந்தக் கார்களுக்குள் சத்தமானி வைத்து அளந்தார்கள். கூரை திறந்து 80 கி.மீ.க்கு மேல் போனால் பெரும்பாலான கார்களில் 85 டெசிபலைத் தாண்டியது. பக்கக் கண்ணாடிகளை ஏற்றினால் சத்தம் நன்றாகக் குறைந்தது.

85-ல் என்ன இருக்கு? 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது தொழிலிடக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 100 என்றால் வெறும் 15 நிமிடம்.
உள்காதில் ஒரு பக்கத்துக்கு சுமார் 15,000 மயிர்ச் செல்கள்தான். செத்தால் மறுபடி முளைக்காது. வலிக்காது, ரத்தம் வராது. பல வருடம் கழித்து "எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க"ன்னு தோணும். வயசாச்சுன்னு நினைச்சு விட்டுடுவோம்.

"டாக்டர், எங்ககிட்ட ஏது ஓபன் டாப் கார்?"
நியாயம்தான். ஆனா பைக் என்ன மூடின வண்டியா? தினமும் புறவழிச்சாலையில் ஒரு மணி நேரம் போறவங்க எத்தனை பேர்! ஹெல்மெட் உயிரைக் காக்கும், கட்டாயம் போடணும். ஆனால் காற்றின் இரைச்சலை அது பெரிசா தடுக்காது. கழுத்துப் பக்கம் இடைவெளி இருந்தால் உள்ளேயே சுழலும்.

செய்ய வேண்டியது:
- காரில் கூரை திறந்தால் பக்கக் கண்ணாடியை ஏற்றுங்கள். காற்றுத்தடுப்பு இருந்தால் மாட்டுங்கள்.
- நெடுஞ்சாலை வேகம் என்றால் கூரையை மூடுங்கள்.
- பைக்கில் கழுத்தோடு சரியாகப் பொருந்தும் ஹெல்மெட்.
- நீண்ட பயணத்துக்கு, ஹாரன் கேட்கும் அளவுக்கு மட்டும் சத்தத்தைக் குறைக்கும் காதடைப்பான். வெறும் பஞ்சு பத்தாது.
- காற்றின் சத்தத்தை அமுக்க பாட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். அது இரட்டை அடி.
- வண்டியை விட்டு இறங்கியதும் காதில் "ஙொய்ய்"னு கேட்டால், அது காது தரும் எச்சரிக்கை. மறுநாளும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பைக்கில் தூரம் போகிற நண்பருக்கு இதை அனுப்புங்க.