எண், இடம், மனம்: ஆங்கிலத் தனிமைச் சொற்களின் வரலாறு

துணையின்றி இருக்கும் நிலையைத் தமிழ் பெரும்பாலும் ‘தனிமை’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால், அத்தனிமை இனியதா கொடியதா என்பதைச் சொல் வரும் இடம் நோக்கியே அறிய வேண்டியுள்ளது. ஆங்கிலமோ அந்நிலையைப் பல சொற்களுக்குப் பங்கிட்டிருக்கிறது. ‘அலோன்’ என்பது உடன் எவரும் இல்லை என்ற செய்தியை மட்டும் தருகிறது. ‘லோன்லி’ துணையில்லாத ஏக்கத்தைச் சுட்டுகிறது. ‘சாலிட்யூட்’ பெரும்பாலும் ஒருவர் விரும்பி ஏற்கும் ஏகாந்தத்தைக் குறிக்கிறது. இன்று ஆங்கிலம் கற்போருக்குச் சொல்லித்தரப்படும் இப்பாகுபாடு தொன்மையானதன்று. இச்சொற்களுள் தலையாயவை ஓர் எண்ணுப்பெயரிலிருந்து பிறந்து, இடத்துக்கு அடைமொழியாக வழங்கி, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்புதான் மனத்துயருக்குப் பெயராக நிலைபெற்றன.

‘அலோன்’ என்பது 1300ஆம் ஆண்டளவில், ‘முழுவதும்’ எனப் பொருள்படும் ‘ஆல்’ என்ற சொல்லும் ‘ஒன்று’ என்ற எண்ணுப்பெயரும் இணைந்து உருவான கூட்டுச்சொல்; முற்றிலும் ஒன்றாக, அதாவது இரண்டாவது ஆள் இல்லாமல் இருப்பதே அதன் முதற்பொருள். அக்காலத்தில் அந்த எண்ணுப்பெயர் ‘ஓன்’ என்பதை ஒட்டியே ஒலித்தது. பின்னர் அதன் முன்னே வகர ஒலி தோன்றி இன்றைய ‘வன்’ ஆயிற்று. ஆயினும் கூட்டுச்சொற்களுக்குள் புகுந்துவிட்ட இடங்களில் பழைய ஒலிப்பு மாறாமல் தங்கியது: ‘அலோன்’, ‘மட்டும்’ எனப் பொருள்படும் ‘ஓன்லி’, பாவத்துக்குக் கழுவாய் தேடுவதைக் குறிக்கும் ‘அட்டோன்’ ஆகிய மூன்றிலும் அதை இன்றும் கேட்கலாம். இவற்றுள் இறுதியானது முதலில், பகைத்தவர் மீண்டும் ‘ஒன்றாதல்’ என்ற பொருளில் வழங்கியது.

ஒலி மாறியதும் சொல்லின் பிறப்பு மறக்கப்பட்டது. தமிழ் இலக்கணம் முதற்குறை என வழங்கும் திரிபை ஒத்து, ‘அலோன்’ தன் முதலெழுத்தை இழந்து ‘லோன்’ என்ற புதிய பெயரடையைத் தந்தது. டேனியல் டெஃபோ 1719இல் வெளியிட்ட ‘ராபின்சன் குரூசோ’வின் நீண்ட தலைப்புப் பக்கம், நாயகன் ஆளில்லாத் தீவில் இருபத்தெட்டு ஆண்டுகள் ‘ஆல் அலோன்’ ஆக வாழ்ந்ததாகப் பறைசாற்றுகிறது. சொல்லின் உள்ளேயே ‘ஆல்’ இருக்க, அதன் முன்னே மீண்டும் ஒரு ‘ஆல்’ சேர்ந்திருப்பது அம்மறதிக்குச் சான்று. எனினும் பழைய கட்டமைப்பின் தடம் இலக்கணத்தில் எஞ்சியிருக்கிறது. ‘அவர் தனியாக இருக்கிறார்’ என்பதுபோல் பயனிலையாக வரும் ‘அலோன்’, பெயருக்கு முன் அடையாக நிற்பதில்லை. அவ்விடத்தை ‘லோன்’, ‘லோன்லி’, ‘சாலிட்டரி’ ஆகியவையே நிரப்புகின்றன.

இவ்வாறு நாட்டு வழக்கு எண்ணிலிருந்து சொல்லெடுத்தபோது, திருச்சபையின் மொழியாகிய லத்தீன், ‘தனித்த’ எனப் பொருள்படும் ‘சோலுஸ்’ என்ற வேரின் வழியாக மற்றொரு சொற்குடும்பத்தைப் பிரெஞ்சு மூலம் அனுப்பிவைத்தது. ‘சாலிட்யூட்’, ‘சாலிட்டரி’ ஆகியவையும், பாழ்பட்ட நிலையைக் குறிக்கும் ‘டெசொலேட்’ என்பதும், முகம் கடுத்து ஒதுங்கியிருப்பதைக் குறிக்கும் ‘சல்லன்’ என்பதும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. துறவியைச் சுட்டும் ‘மங்க்’ என்ற சொல்லும் ‘ஒற்றையாள்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே; மடத்தில் பலரோடு கூடி வாழ்ந்தவருக்கும் அப்பெயரே நின்றது.

இடைக்கால இங்கிலாந்தில் இத்தகைய தனிமை ஒரு வாழ்முறையாக மதிக்கப்பட்டது. ‘ஆங்கரைட்’ எனப்பட்ட ஒதுங்குறை துறவிகள், தேவாலயச் சுவரை ஒட்டிய சிற்றறைக்குள் வாழ்நாள் முழுவதும் அடைபட்டிருக்க உறுதி பூண்டனர். உலகுக்கு இறந்தவராகிவிட்டனர் என்பதைக் காட்ட, அவர்கள் உள்ளே புகும்போது இறந்தோருக்கான சடங்கு ஓதப்படுவதும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய பெண்துறவியருக்காக எழுதப்பட்ட ‘ஆங்க்ரின் விஸ்ஸே’ என்ற நெறிநூல், அவர்கள் பூனையைத் தவிர வேறு விலங்கு எதையும் வளர்க்கலாகாது என்று விதிக்கிறது. பசு வைத்திருந்தால் தீவனத்துக்காகவும் பட்டிக்காவலரிடம் முறையிடவும் ஊராரோடு ஓயாது பேச நேரும் என்பதே காரணம். 1373இல் கண்ட காட்சிகளை எழுதிவைத்த நாரிச் நகரத்து ஜூலியன் என்ற துறவியும் இவ்வாறே வாழ்ந்தார். அங்குச் ‘சாலிட்டரி’ என்பது இரக்கத்துக்குரிய நிலையன்று. கடவுளோடு இருப்பவர், பார்வைக்கு மட்டுமே தனியர்.

‘லோன்’ என்பதோடு, ‘போன்ற’ என்ற பொருள் தரும் விகுதி சேர்ந்து ‘லோன்லி’ பிறந்த காலம் 1600ஐ ஒட்டியது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில், மகள் ஒஃபீலியாவை ஹாம்லெட்டின் கண்ணில் படும்படி நிறுத்தி அவனை ஒளிந்திருந்து கவனிக்க எண்ணும் பொலோனியஸ், அவள் தனியே நிற்பது ஐயத்தைத் தூண்டாதிருக்க வழிபாட்டு நூல் ஒன்றைக் கையில் கொடுக்கிறான். அவள் அவ்வாறு நிற்பதையே ‘லோன்லினெஸ்’ என்கிறான். அச்சொல்லில் ஏக்கம் ஏதுமில்லை. ஒரு பெண் துணையின்றி ஓரிடத்தில் நிற்கும் தோற்றம் மட்டுமே உள்ளது. ‘கோரியோலேனஸ்’ நாடகத்தில் ரோமிலிருந்து துரத்தப்படும் வீரன், சதுப்பில் ஒதுங்கி வாழ்ந்து ஊரை அஞ்சவைக்கும் டிராகனுக்குத் தன்னை ஒப்பிடுகையில் வரும் ‘லோன்லி’யிலும், துயரைக் காட்டிலும் செருக்கே மிகுதி. 1674இல் அருஞ்சொற்களைத் தொகுத்த இயற்கையியலாளர் ஜான் ரே, ‘லோன்லினெஸ்’ என்பதற்கு அண்டை அயலாரிடமிருந்து விலகியிருத்தல் என்ற அளவில்தான் பொருள் தந்தார். ஆகவே இக்காலத்தில் அது பெரிதும் இடத்தைப் பற்றிய சொல்லாகவே இருந்தது. காட்டுவழியும் மலைச்சரிவும் ‘லோன்லி’ எனப்பட்டன, அங்கே செல்பவருக்கு அச்சம் வழிப்பறியைப் பற்றியதே.

இடத்துக்குரிய சொல் மனத்துக்குரியதாக நகர்ந்த காலம் பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவு. அந்நகர்வின் நடுவழியில் வேர்ட்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற டாஃபடில் மலர்க் கவிதை நிற்கிறது. 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அம்மலர்களை அவர் கண்டபோது தங்கை டாரதியும் உடனிருந்தார். அக்காட்சியை டாரதி தம் நாட்குறிப்பில் விரிவாகப் பதிந்துமிருக்கிறார். எனினும் 1807இல் அச்சேறிய கவிதையில் தங்கை இல்லை; அதன் தொடக்கத்தில் ‘லோன்லி’யும் முடிவில் ‘சாலிட்யூட்’டும் நிற்கின்றன. முன்னது துணையற்று அலையும் நிலைக்கும், பின்னது நினைவில் திளைக்கும் இன்பத்துக்கும் உரியனவாகப் பிரியத் தொடங்கிவிட்டதை அக்கவிதை காட்டுகிறது.

தனிமை மனத்தைக் கெடுக்கும் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியவை சிறைச்சாலைகள். கைதியைப் பிறரிடமிருந்து பிரித்துவைத்தால் மனச்சான்று விழித்துத் திருந்துவார் என்று, துறவியின் சிற்றறையை நினைவூட்டும் நம்பிக்கையோடு லண்டனில் 1842இல் பெண்டன்வில் சிறை திறக்கப்பட்டது. கைதிகள் அறையைவிட்டு வெளிவரும்போது ஒருவரை ஒருவர் அறியாதிருக்க முகத்தை மறைக்கும் தொப்பி அணிந்தனர். சிற்றாலயத்திலும் ஒவ்வொருவருக்கும் தடுப்புகளால் அடைத்த தனி இருக்கை. பலர் சித்தம் கலங்கியதால் தனித்துவைக்கும் காலம் பின்னர்க் குறைக்கப்பட்டது. அதே 1842இல் ஃபிலடெல்ஃபியாவின் இத்தகைய சிறையைப் பார்வையிட்ட சார்ல்ஸ் டிக்கன்ஸ், மனத்துக்கு இழைக்கப்படும் அவ்வதை உடல் வதையினும் கொடிதென்று கண்டித்தார். துறவிக்குரிய உயரிய அடைமொழியாக இருந்த ‘சாலிட்டரி’, பேச்சுவழக்கில் தனிச்சிறைத் தண்டனைக்கே பெயராயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் உளவியல் ‘லோன்லினெஸ்’, ‘சாலிட்யூட்’ ஆகியவற்றுக்கு இடையிலான பிரிவினையை முற்றுப்பெறச் செய்தது. 2018 ஜனவரியில் பிரிட்டன் அரசு ‘லோன்லினெஸ்’ தொடர்பான பொறுப்பை ட்ரேசி கிரவுச் என்ற அமைச்சரிடம் ஒப்படைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான கொள்கை அறிக்கை, ஒருவர் வேண்டும் உறவுகளுக்கும் அவருக்கு வாய்த்திருக்கும் உறவுகளுக்கும் இடையிலான குறையால் எழும் விரும்பத்தகாத உணர்வு என்று அச்சொல்லுக்கு வரையறை தந்தது. அவ்வரையறைப்படி, உடன் இருப்போர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து அந்நிலையை அறிய இயலாது. கூட்டத்தின் நடுவிலும் அது நேரலாம். ‘ஒன்று’ என்ற எண்ணில் பிறந்த சொல் இறுதியில் எண்ணிக்கையோடு உறவற்றுப் போனது. கையில் நூலோடு தனியே நின்ற ஒஃபீலியாவின் நிலையை இன்றைய ஆங்கிலம் ‘லோன்லினெஸ்’ என்று கூறுமாயின், அது அவள் நின்ற இடத்தைப் பற்றியதாக இராது, அவள் மனத்தைப் பற்றியதாகவே இருக்கும்.